பேசாதவர் கட்டும் கப்பம்



“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது நம் பாட்டன்மார் சொல்லிச் சென்ற பழமொழி. சந்தைக்குச் சென்று ஏமாந்து திரும்பிய எவனோ ஓர் ஏழை, தன் வயிற்றெரிச்சலைத் தணித்துக்கொள்ளச் சொன்ன சொல்லாக அது இருக்கலாம். அந்த ஏழை இன்று உயிரோடு எழுந்து வந்து, நம் ஊர்க் கடைத்தெருவில் கைப்பேசி ரீசார்ஜ் கடையின் முன்னே நிற்பானாயின், “நான் கண்ட சந்தை எவ்வளவோ மேல், அங்கே சுண்டைக்காயாவது கைக்கு வந்தது” என்பான். இங்கோ, சுண்டைக்காயே வேண்டாம் என்பவரிடமும் சுமைகூலி தண்டப்படுகிறது!

மாதத்தில் நாலைந்து முறை மட்டுமே பேசுபவர்கள், பிள்ளை அழைத்தால் எடுத்து “நலமா?” என்று கேட்டு வைத்துவிடுபவர்கள், தாமாக எவரையும் அழைக்காதவர்கள் நம் நாட்டிலே கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கைப்பேசி ஆடம்பரப் பொருளன்று; வீட்டு வாசலில் தொங்கும் மணி. யாரேனும் வந்து அடித்தால் ஒலிக்க வேண்டும், அவ்வளவே. அந்த மணி ஒலிப்பதற்கு, நாள்தோறும் மணிக்கணக்கில் பேசுகிறவரும் படம் பார்க்கிறவரும் கட்டும் அதே கட்டணத்தை இவர்களும் கட்ட வேண்டும் என்கிறது இன்றைய ஏற்பாடு. இது எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? யார் தடுத்திருக்க வேண்டும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம், வாருங்கள்.

1995ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு அது. அந்நாளில் அழைப்பவரும் பணம் கட்டினார். அழைக்கப்பட்டவரும் பணம் கட்டினார். கைப்பேசி செல்வர் வீட்டுச் செல்லப் பிள்ளையாக இருந்த காலம். 2003ஆம் ஆண்டில் அந்த நிலை மாறிற்று. அழைப்பவர் மட்டும் பணம் கட்டினால் போதும், வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அன்றுதான் கைப்பேசி உழவன் மடியிலும், மீனவன் படகிலும், கொத்தனார் சட்டைப் பையிலும் குடியேறியது.

2005ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்கள் ஒரு புதுமுழக்கம் எழுப்பின. “ஆயுள் முழுவதும் வேலிடிட்டி! 999 ரூபாய் ஒரே முறை கட்டுங்கள். வாழ்நாள் முழுவதும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும்!” என்றன. நம்பினார்கள் மக்கள். ஆட்டை விற்றுக் கட்டியவர் உண்டு. அடகு வைத்துக் கட்டியவரும் உண்டு. 2009இல் வினாடிக்கு ஒரு காசு என்ற கட்டணமும் வந்தது. எவ்வளவு பேசுகிறாயோ அவ்வளவே கட்டு என்ற நியாயமான நெறி அது. மாதத்தில் பத்து நிமிடம் பேசுபவருக்கு அந்தக் கணக்கில் ஆகும் செலவு 6 ரூபாய்; ஆண்டு முழுவதற்கும் 72 ரூபாய்! இந்தத் தொகையை மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பின்னர் தேவைப்படும்.

இத்தனை தாராளம் நிறுவனங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஏழையின் மீது இரக்கமா? இல்லை, அதற்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பைக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்துக்கு அழைக்கும் நிறுவனம் கூலி தர வேண்டும். 2009 முதல் அந்தக் கூலி நிமிடத்துக்கு 20 காசு. ஆகவே, தானாக எவரையும் அழைக்காமல் வந்த அழைப்பை எடுத்துப் பேசிய மூதாட்டிகூடத் தன் நிறுவனத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கேட்டாள், நிறுவனம் காசு பார்த்தது. அந்தக் கூலி 2015இல் 14 காசாயிற்று. 2017 அக்டோபரில் 6 காசாயிற்று. 2021 ஜனவரி முதல் நாளோடு ஒன்றுமில்லாமல் போயிற்று. வரும் அழைப்பினால் வருமானம் இல்லை என்றானவுடன், அழைப்பை ஏற்க மட்டுமே கைப்பேசி வைத்திருந்தவர், நிறுவனத்தின் பேரேட்டில் வேண்டாத விருந்தாளி ஆனார். கறவை நின்ற மாட்டை அடிமாட்டுச் சந்தைக்கு ஓட்டும் நெஞ்சம் அது.

இதனிடையே 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நுழைந்து, மாதக்கணக்கில் எல்லாவற்றையும் இலவசமாக வாரி வழங்கியது. இலவசம் என்ற வெள்ளத்தில் சிறிய படகுகள் கவிழ்ந்தன. நம் தமிழகத்தில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பத்துக்கு மேற்பட்ட கடைகள் இருந்த தெருவில் தனியார் கடை மூன்று மட்டும் எஞ்சின. போட்டி இருந்தால் விலை குறையும் என்று நமக்குப் பாடம் நடத்திய பொருளாதாரப் புலவர்கள், போட்டி செத்தபின் விலை என்ன ஆகும் என்ற பாடத்தை மட்டும் நடத்தாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பாடத்தை நிறுவனங்களே நடத்தத் தொடங்கின.

2018ஆம் ஆண்டின் இறுதியில் “ஆயுள் முழுவதும்” என்ற சொல்லின் ஆயுள் முடிந்தது. 28 நாளைக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் கட்டாவிட்டால் அழைப்பு நிற்கும் என்றன நிறுவனங்கள். போதிய இருப்புத் தொகை வைத்திருப்பவரின் இணைப்பைத் துண்டிக்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த நவம்பரில் கூறியது. ஆயினும் கட்டாய ரீசார்ஜ் என்ற ஒட்டகம் கூடாரத்துக்குள் தலையை நுழைத்துவிட்டது. அந்த 35 ரூபாயில் 26 ரூபாய்க்கு மேல் பேசும் தொகையாகவேனும் திரும்பக் கிடைத்தது. அதன்பின் நடந்ததை ஏர்டெல் நிறுவனத்தின் கணக்கைக் கொண்டே பாருங்கள். 2021 ஜூலையில் குறைந்த கட்டணம் 79 ரூபாய்; அதே ஆண்டு நவம்பரில் 99 ரூபாய்; 2023இன் முற்பகுதியில் 155 ரூபாய்; 2024 ஜூலையில் 199 ரூபாய்! ஆறு ஆண்டு முடிவதற்குள் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏற்றம். இந்த ஆறு ஆண்டில் எந்த உழவனின் நெல்லுக்கு ஐந்தரை மடங்கு விலை கிடைத்தது? எந்தத் தறித் தொழிலாளிக்கு ஐந்தரை மடங்கு கூலி கிடைத்தது?

இன்னொரு சூழ்ச்சியையும் காணுங்கள். நம் பஞ்சாங்கத்தில் ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டு. நிறுவனங்களின் பஞ்சாங்கத்திலோ பதின்மூன்று! ஒரு “மாதம்” என்பது அங்கே 28 நாள். 199 ரூபாய் வீதம் பதின்மூன்று முறை கட்டினால் ஆண்டுக்கு 2,587 ரூபாய். முப்பது நாள் திட்டம் ஒன்றேனும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றேனும் வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணையம் கட்டளையிட்ட பிறகும், கடைக்காரர் வாயில் முதலில் வருவது 28 நாள் கணக்குத்தான்.

இந்தத் தொகை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்ன பொருள் தருகிறது? 60 முதல் 79 வயது வரையுள்ள ஓர் ஏழை முதியவரின் ஓய்வூதியத்துக்கு, தேசியத் திட்டத்தின் கீழ் டில்லி அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். ஆண்டுகள் பல உருண்டோடியும் அந்தத் தொகை அசையவில்லை. ரீசார்ஜ் கட்டணமோ 199 ரூபாய். டில்லி தந்ததில் மிச்சம் ஒரே ஒரு ரூபாய்! அந்த ஓய்வூதியத்தை மாநில அரசு தன் பணத்தைப் போட்டு உயர்த்தி, 2023இல் 1,200 ரூபாயாக்கிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை தொடங்கப்பெற்றது. அந்த ஆயிரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அடுப்பங்கரைக்குச் செல்லாமல், மருந்துக் கடைக்குச் செல்லாமல், பேசாத பேச்சுக்குக் கட்டணமாகச் செல்கிறது. இந்த 199 ரூபாயில் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் அடக்கம்; அதாவது ஏறத்தாழ 30 ரூபாய். ஒரு கையால் 200 கொடுத்து, மறு கையால் 30 பிடுங்கும் விந்தையை என்னென்பது!

“கட்ட முடியாவிட்டால் கைப்பேசி எதற்கு?” என்று கேட்கும் கனவான்களும் உளர். அவர்களுக்குச் சொல்லுங்கள்: கைப்பேசி வேண்டும் என்று அந்த மூதாட்டி கேட்கவில்லை, நீங்கள்தான் அவள் கையில் திணித்தீர்கள். வங்கிக் கணக்கோடு எண்ணை இணை என்றீர்கள். ஆதாரோடு இணை என்றீர்கள். ரேஷன் கடையில் அரிசி வாங்கினால் குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வருகிறது. கணக்கில் பணம் விழுந்தால் செய்தி கைப்பேசிக்கு வருகிறது. வங்கியில் ஒரு காரியம் ஆக வேண்டுமாயின் ஓடிபி எண்ணும் கைப்பேசிக்கே வருகிறது. தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடினீர்கள். முக்குக்கு முக்கு இருந்த ஒரு ரூபாய்த் தொலைபேசிப் பெட்டி மறைந்தது, எஸ்.டி.டி. பூத்துகளும் மறைந்தன. எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, திறந்திருக்கும் ஒரே கதவில் நின்றுகொண்டு சுங்கம் கேட்பதற்குப் பெயர் வணிகமா? நுழைவாயிலில் வழிமறித்தல் அன்றோ!

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தனித்திருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். ஞாயிறுதோறும் மாலையில் அவன் அழைப்பான். ஐந்து நிமிடம் பேசுவார்கள். வேலிடிட்டி முடிந்து சில நாளில் அந்த அழைப்பும் வராமல் நிற்கிறது. ஒரு ஞாயிறு கடந்தது. மறு ஞாயிறும் கடந்தது. மகனுக்கு என்ன ஆயிற்றோ என்று தாய் தவிக்கிறாள். தாய்க்கு என்ன ஆயிற்றோ என்று மகன் தவிக்கிறான். பழுது கோபுரத்தில் இல்லை, கம்பியும் அறுபடவில்லை. 199 ரூபாய் இல்லை என்பதொன்றே குறை. இத்தகைய தாய் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறாள். தொலைவில் இருப்போரைச் சேர்க்கவென்று பிறந்த கருவி, பிள்ளையையும் பெற்றவளையும் பிரித்து வைக்கும் பூட்டாக மாறலாமா?

ஆணையம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூற மாட்டோம். உண்மையை மறைப்பது நம் இயக்கத்தின் பழக்கமன்று. 2024 டிசம்பர் 23ஆம் நாள் டிராய் ஒரு விதித் திருத்தம் கொணர்ந்தது. இணையம் வேண்டாதவருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைக்க வேண்டும் என்றது. அத்தகைய திட்டத்தை 365 நாள் வரை நீட்டலாம் என்றது. ஏறத்தாழ 15 கோடிப் பேர் இன்னும் பொத்தான் கைப்பேசியே வைத்திருக்கிறார்கள் என்ற உணர்விலே பிறந்த கட்டளை அது. நோக்கம் நல்லது, பாராட்டுவோம். ஆனால் அந்தக் கட்டளையை நிறுவனங்கள் எப்படி நிறைவேற்றின என்பதையும் பாருங்கள்.

ஏர்டெல் நிறுவனத்தில் 84 நாளுக்கு 6 ஜிபி இணையத்துடன் 509 ரூபாய்த் திட்டம் ஒன்று இருந்தது. 2025 ஜனவரியில் அதிலிருந்து இணையத்தை அடியோடு நீக்கிவிட்டு, “இதோ ஏழைக்கு ஏற்ற திட்டம்” என்று நீட்டினார்கள். விலை என்ன தெரியுமா? 499 ரூபாய்! 6 ஜிபியைப் பறித்துக்கொண்டு 10 ரூபாய் குறைத்தார்கள். 24 ஜிபியுடன் 1,999 ரூபாயாக இருந்த ஓராண்டுத் திட்டம், இணையமின்றி 1,959 ரூபாய் ஆயிற்று. ஊரெங்கும் எதிர்ப்பு எழுந்த பின், அவை 469 ஆகவும் 1,849 ஆகவும் இறங்கின. ஜியோ நிறுவனம் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று விதித்தது. சோற்றை எடுத்துவிட்டு, இலைக்கு விலை போட்ட கதை இது.

அது மட்டுமா? இந்தத் திட்டங்கள் “எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்” என்கின்றன. பேசாதவருக்கு வரம்பில்லாப் பேச்சு எதற்கு? பல்லில்லாதவருக்கு வண்டி நிறையக் கரும்பு எதற்கு? முன்னே குறித்து வைக்கச் சொன்ன 72 ரூபாயை இப்போது எடுத்துப் பாருங்கள். பேசிய அளவுக்கு மட்டும் கட்டும் நெறியில் ஆண்டுக்கு 72 ரூபாய் ஆகும் பேச்சுக்கு, இன்று மிகக் குறைந்த திட்டமென்று காட்டப்படும் வழியில் 1,849 ரூபாய், இருபத்தைந்து மடங்கு! அதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். ஆயிரத்து எண்ணூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாதவர்தாமே, 28 நாளைக்கு ஒரு முறை 199 ரூபாய் கட்டி, ஆண்டு முடிவில் அதைவிடக் கூடுதலாக இழக்கிறார்? இல்லாதவனுக்கு விலை அதிகம், இருப்பவனுக்கு விலை குறைவு. இதுவே முதலாளித்துவச் சந்தையின் மனுநீதி!

நிறுவனங்கள் சொல்லும் சமாதானம் நமக்குத் தெரியாததன்று. கோபுரம் நடச் செலவு, அலைக்கற்றை ஏலத்துக்குச் செலவு, 2019 அக்டோபர் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் தலைமேல் விழுந்த பாக்கி என்று பட்டியல் வாசிப்பார்கள். செலவு இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வோர் இணைப்பையும் உயிரோடு வைத்திருக்கச் சிறு தொகை தேவை என்பதையும் மறுக்கவில்லை. அந்தச் சிறு தொகை 199 ரூபாய்தானா என்பதே கேள்வி. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் மாதச் சராசரி வருவாய் 2024ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஏர்டெலுக்கு 245 ரூபாய். அதை 300 ஆக்க வேண்டும் என்று அந்நிறுவனத்தார் வெளிப்படையாகவே பேசி வந்துள்ளனர். சராசரியை உயர்த்த எளிய வழி என்ன? அடியில் இருப்பவனை இழுத்து மேலே நிறுத்து, முடியாவிட்டால் வெளியே தள்ளு என்பதுதான். குருவியின் தலையில் பனங்காயை வைப்பதற்குப் பெயர் பொருளாதாரச் சீர்திருத்தம்!

டில்லி அரசு என்ன சொல்கிறது? “கட்டணம் சந்தையின் கையில், அரசு தலையிடுவதில்லை” என்கிறது. அப்படியா? வோடபோன் ஐடியா நிறுவனம் பாக்கி கட்ட முடியாமல் தவித்தபோது, சந்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசு விட்டுவிட்டதா? இல்லையே! 2023இல் 16,133 கோடி ரூபாய்ப் பாக்கியும், 2025இல் 36,950 கோடி ரூபாய்ப் பாக்கியும் பங்குகளாக மாற்றப்பட்டன. அந்நிறுவனத்தின் பங்குகளில் 49 விழுக்காடு அளவு அரசின் கைக்கு வந்தது. நிறுவனத்துக்குத் துயரம் வந்தால் தலையிடலாம். மூதாட்டிக்குத் துயரம் வந்தால் தலையிடலாகாது! ஒரு நிறுவனத்தில் பாதிக்குப் பாதி பங்கும், பி.எஸ்.என்.எல். என்ற முழு நிறுவனமும் கையில் வைத்திருக்கும் அரசு, “என் கை கட்டப்பட்டிருக்கிறது” என்று கூறுமாயின், அந்தக் கட்டைக் கட்டியவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

சட்டத்திலும் இடமில்லாமலில்லை. 1997ஆம் ஆண்டு டிராய் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கட்டணத்தை விதிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தெளிவாகவே தந்திருக்கிறது. அதிகாரம் உறையில் உறங்கும் வாளாகக் கிடக்கிறது. நிதியும் இல்லாமலில்லை. எல்லோருக்கும் தொலைத்தொடர்பு கிடைக்கச் செய்வதற்கென்றே நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 விழுக்காடு பிரிக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் “டிஜிட்டல் பாரத் நிதி” என்று அதற்குப் பெயர் மட்டும் மாற்றினார்கள். கோபுரம் நட அந்தப் பணம் செல்கிறது, நல்லது. கோபுரம் நட்ட ஊரில் அதன் கீழே நிற்பவனுக்கு அழைப்பு வரவில்லை என்றால், கோபுரத்தால் பயன் என்ன? காக்கை உட்காரவா?

அஞ்சல் அட்டையைப் பாருங்கள், தோழர்களே. 50 காசு அட்டை குமரியிலிருந்து காஷ்மீர் வரை செல்கிறது. அதில் இலாபம் இல்லை என்று தெரிந்தே அரசு அதை நடத்துகிறது. எழுதுகிறவன் ஏழை, அவனுக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் அந்த அட்டையில் இருக்கிறது. அஞ்சல் அட்டை நாளில் அரசுக்கு இருந்த அந்த நெஞ்சம், கைப்பேசி நாளில் எங்கே போயிற்று?

மக்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின், அந்த ஒரே மாதத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் வாடிக்கையாளரை இழந்தன, பி.எஸ்.என்.எல். ஏறத்தாழ 29 லட்சம் பேரைப் புதிதாகப் பெற்றது. முறையான நான்காம் தலைமுறைச் சேவைகூட இல்லாமல், ஆள் குறைக்கப்பட்டு, ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வைக்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் அது. 2025 செப்டம்பர் 27ஆம் நாளன்றுதான் அதன் உள்நாட்டு 4ஜி சேவை நாடெங்கும் முறைப்படி தொடங்கப்பட்டது. நோஞ்சானாக்கப்பட்ட நிலையிலும் மக்கள் அதன் தோளில்தான் சாய்ந்தார்கள். பொதுத்துறை எதற்கு என்று கேட்போருக்கு இதைவிடச் சிறந்த விடை வேறென்ன வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது இது. வரும் அழைப்பும், அரசும் வங்கியும் அனுப்பும் குறுஞ்செய்தியும், கட்டணம் கட்டத் தவறிய காரணத்தால் நிற்கலாகாது. பேசிய அளவுக்கு மட்டும் பணம் பெறும் திட்டம் ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் கட்டணத்தை ஆணையமே விதிக்க வேண்டும். மாதம் என்றால் மாதமாக இருக்க வேண்டும். முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் இணைப்பைக் காக்கும் செலவை டிஜிட்டல் பாரத் நிதி ஏற்க வேண்டும். இவற்றை முதலில் பி.எஸ்.என்.எல். நடத்திக் காட்டட்டும், மற்றவர்கள் பின்னே வருவார்கள்.

கோரிக்கை டில்லிக்கு, கடமையோ நமக்கு. ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவில் பத்து வீட்டுப் படியேறுங்கள். முதியவரின் கைப்பேசியை வாங்கி, என்ன திட்டம் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இணையமே தொடாதவருக்கு இணையத் திட்டம் போடப்பட்டிருக்குமாயின், பேச்சு மட்டும் கொண்ட திட்டம் உண்டென்று எடுத்துச் சொல்லுங்கள். அதன் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெயர் சொல்லிக் கேட்டாலொழியக் கடைக்காரர் அதைக் காட்டமாட்டார். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 முதல் நாடெங்கும் உண்டு. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதற்குத் தொடக்கம். குறையிருந்தால் 198க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். படிப்பகங்களில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துகள் ஆணையத்தின் மேசையிலும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையிலும் சேரட்டும்.

சிறு செய்தி இது என்று எவரேனும் சிரித்தால் சிரிக்கட்டும். உப்புக்கு வரி போட்டபோதும் சிறு செய்திதான் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அதிகம் பேசாத மக்கள் இவர்கள். ஆனால் வாக்குச் சாவடியில் பேசத் தெரிந்தவர்கள். அங்கே பேசுவதற்கு ரீசார்ஜ் தேவையில்லை என்பதை டில்லியில் இருப்போர் நினைவில் வைப்பது நல்லது.